அட்டையில் ஒரு பசைத் தடம்

ராக் இசை எங்களுக்கு முதலில் கண் வழியாகவே அறிமுகமாயிற்று. தொண்ணூறுகளின் இறுதியில், திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதையில், பழைய புத்தகக் குவியல்களின் முன் குந்தியிருந்த மாலைகளில் அது நிகழ்ந்தது. எங்கள் மூவரில் எவரிடமும் குறுந்தகடு வாங்கும் அளவுக்குக் காசு இருந்ததில்லை. ஆனால் எந்தெந்த நாட்டிலிருந்தோ கப்பலேறி, எடைக்குப் போடப்பட்டு, கடைசியில் சென்னை நடைபாதைக்கு வந்து சேர்ந்த ஆங்கில இசை இதழ்களை வாங்கப் பத்து ரூபாய் போதுமானதாக இருந்தது. (இக்கட்டுரையில் 'நாங்கள்' என்று வருமிடமெல்லாம் இதைச் சேர்ந்து எழுதும் இருவரைக் குறிக்கும். மூன்றாமவர் ஓவியர். அவர் பின்னால் வருவார்.)

அந்த இதழ்களில் பலவற்றின் அட்டையில் ஒரு பசைத் தடம் இருக்கும். இலவசக் குறுந்தகட்டை ஒட்டிக் கொடுத்திருந்த இடம் அது. யாரோ, எந்த ஊரிலோ, தகட்டை உரித்து எடுத்துக்கொண்டு காகிதத்தை மட்டும் வீசியிருக்கிறார்கள். பாட்டை எடுத்துக்கொண்டவர் ஒருவர், அதன் தோற்றத்தைப் பெற்றுக்கொண்டவர்கள் நாங்கள். ஒரு குழு எப்படி ஒலிக்கும் என்பதை அதன் பெயர் அச்சிடப்பட்ட எழுத்தின் பருமனிலிருந்தும், புகைப்படத்தின் நிழலிலிருந்தும், பக்கத்தில் விடப்பட்ட வெற்றிடத்திலிருந்தும் ஊகித்துக்கொண்டிருந்தோம். பிற்பாடு அந்த இசையை உண்மையிலேயே கேட்க வாய்த்தபோது சில ஊகங்கள் வியக்கத்தக்க விதத்தில் சரியாக இருந்தன, சில அபத்தமாகப் பொய்த்தன. ஆனால் அட்டையைப் பார்த்த கணத்தில் 'இது நமக்கானது' என்று தோன்றிய அந்த உணர்வு மட்டும் எந்தப் பாட்டாலும் பொய்க்கவில்லை. அதை எவ்வாறு செய்தார்கள் என்பதே வெகுகாலம் எங்களை உறுத்திய கேள்வி.

குவியலில் ரோலிங் ஸ்டோனைத் தேட வேண்டியதில்லை. மற்ற இதழ்களைவிட அது அகலமும் நீளமும் கூடியது என்பதால் அதன் விளிம்பு தானாகவே வெளியே துருத்திக்கொண்டிருக்கும். அந்தப் பெரிய அளவை அவர்கள் 2008 அக்டோபரில்தான் கைவிட்டார்கள். வழக்கமான அளவுக்குச் சுருங்கிய முதல் இதழின் அட்டையில் பராக் ஒபாமா இருந்தார். பார்த்தபோது ஏதோ உறவினர் ஒருவர் நோயில் மெலிந்து வந்து நின்றது போலிருந்தது எங்களுக்கு.

அந்த இதழின் தொடக்கம் சற்று விரிவாகச் சொல்லத்தக்கது. 1967 நவம்பர் 9 என்று தேதியிட்டு ஸான் பிரான்ஸிஸ்கோவிலிருந்து முதல் இதழ் வந்தது. 24 பக்கம், விலை 25 சென்ட். அட்டையில் ஒரு திரைப்படக் காட்சியில் படைவீரன் வேடத்தில் ஜான் லெனன். நிறுவியவர்கள் இருவர்: இருபத்தொரு வயதான யான் வென்னர், அவரைவிட ஏறத்தாழ முப்பது வயது மூத்த ஜாஸ் விமர்சகர் ரால்ஃப் கிளீசன். மூலதனம் உறவினர்களிடம் திரட்டிய 7,500 டாலர்.

அக்காலத்து ஸான் பிரான்ஸிஸ்கோவின் சுவர்களை நினைவில் கொண்டால்தான் வென்னர் செய்தது விளங்கும். வெஸ் வில்சன், விக்டர் மொஸ்கோஸோ, ரிக் கிரிஃபின் முதலியோர் வரைந்த நடன அரங்குச் சுவரொட்டிகளில் எழுத்துகள் தீக்கொழுந்துபோல் வீங்கி, நெளிந்து, ஒன்றையொன்று விழுங்கிக்கொண்டிருந்தன. எதிரெதிர் வண்ணங்கள் அடுத்தடுத்து வைக்கப்பட்டதால் கண் கூசியது. எந்தக் குழு, எந்த நாள், எந்த அரங்கு என்று அறியத் தலையைச் சாய்த்து நின்று சில நிமிடங்கள் உற்றுப் பார்க்க வேண்டும். அவசரத்தில் கடந்துபோகும் அலுவலகக் கனவானுக்கு அது வெறும் கறை. நின்று பார்க்க நேரமும் மனமும் உள்ள இளைஞனுக்கோ அது அழைப்பிதழ். விளம்பரத்தின் முதல் விதி படிக்க எளிதாக இருக்க வேண்டும் என்பது. அதைக் கவிழ்த்துப் போட்டு, கடினத்தையே வாசற்கதவாக ஆக்கினார்கள். அதே நகரத்தின் ஆரக்கிள் என்ற எதிர்க்கலாச்சார ஏடு தன் பக்கங்களில் வானவில் மைகளை ஒன்றோடொன்று கலந்து ஓடவிட்டது. எழுத்து அந்த வண்ணத்தில் மூழ்குவதைப் பற்றி அவர்கள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

வென்னர் அந்த வழியில் போகவில்லை என்பதுதான் சுவாரஸ்யம். அவர் சற்றுமுன் வேலை பார்த்து, அப்போது நின்றுபோயிருந்த ஸண்டே ராம்பார்ட்ஸ் என்ற செய்தித்தாளின் பக்க அமைப்பையே எடுத்துக்கொண்டார். நேரான பத்திகள், பத்திகளுக்கு நடுவே மெல்லிய கோடுகள், பக்கத்தைச் சுற்றித் தடித்த கோடும் மெலிந்த கோடுமாக ஓர் இரட்டைச் சட்டம். காகிதம் சாதாரண நியூஸ்பிரிண்ட். மடித்தால் பத்திரிகை, விரித்தால் செய்தித்தாள். இத்தனை கட்டுப்பாட்டுக்கும் மேலே, இதழின் பெயரை மட்டும் சுவரொட்டி ஓவியரான ரிக் கிரிஃபின் வரைந்திருந்தார். அதுவும் முடிவுற்ற வடிவமல்ல. அவர் போட்டு வைத்திருந்த வரைவையே எடுத்து அச்சேற்றிவிட்டார்கள். உடலெல்லாம் தந்தையின் செய்தித்தாள், நெற்றியில் மட்டும் மகனின் சுவரொட்டி.

இதை வசதியின்மையால் வந்த விளைவு என்று ஒதுக்கிவிடலாம். ஓரளவு உண்மையும்கூட. ஆனால் அதன் பலனை எண்ணிப் பார்க்க வேண்டும். பெரியவர்கள் இரைச்சல் என்று ஒதுக்கிய ஒன்றை, பெரியவர்கள் போர்ச் செய்தியையும் பங்குச் சந்தையையும் படிக்கும் அதே கம்பீரமான கட்டத்துக்குள் வைத்துத் தந்தது அந்தப் பக்கம். உன் இசை தீவிரமானது, உன் ரசனைக்கு ஆவண மதிப்பு உண்டு என்று ஒரு சொல்லும் சொல்லாமல் வாசகனுக்குச் சொல்லிற்று. (அதே சமயம், ஆரம்பத்தில் சந்தா கட்டியவர்களுக்கு அவர்கள் அளித்த இலவசப் பொருள், கஞ்சாச் சுருட்டின் கடைசித் துண்டைக் கை சுடாமல் பிடிக்க உதவும் ஓர் இடுக்கி! கம்பீரத்துக்கும் ஓர் எல்லை உண்டு போலும்.) 1970இல் அங்கே படமெடுக்கத் தொடங்கிய ஆனி லீபோவிட்ஸ், பின்னர் அட்டைப்படத்தையே ஒரு தனிக்கலையாக ஆக்கினார். 1980 டிசம்பர் 8 அன்று அவர் எடுத்த படத்தில் உடையற்ற லெனன், கறுப்புடை அணிந்த யோகோ ஓனோவைக் கருவிலிருக்கும் குழந்தையைப் போல் சுருண்டு தழுவியிருப்பார். லெனன் மட்டும் அட்டையில் இருந்தால் போதும் என்றே இதழ் விரும்பியது. மனைவியும் இருக்க வேண்டும் என்று வற்புறுத்தியவர் லெனன். அன்றிரவே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 1981 ஜனவரியில் அந்த அட்டை வந்தபோது இதழின் பெயரைத் தவிர அதில் தலைப்பு என்று ஒன்றுமில்லை. அட்டையில் என்ன எழுதக்கூடாது என்பதை அறிவதும் வடிவமைப்புதான் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

டெட்ராய்ட்டிலிருந்து 1969இல் தொடங்கிய கிரீம், நேரெதிர்த் திசையில் போயிற்று. ராபர்ட் கிரம்ப் வரைந்த, பால் புட்டி வடிவிலான ஒரு கேலிப்பாத்திரம் அதன் சின்னம். படங்களின் கீழே நட்சத்திரங்களைக் கிண்டல் செய்யும் குறிப்புகள். வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்த உணர்வைத் தரும் இதழ் அது. இங்கிலாந்தின் கெர்ராங்! இதழோ 1981இல் சவுண்ட்ஸ் வார இதழின் இணைப்பாகப் பிறந்தது. கிட்டாரை ஓங்கி அடித்தால் எழும் ஓசையே அதன் பெயர். அந்தப் பெயரின் எழுத்துகள் கண்ணாடி விரிசல் விட்டதுபோல் உடைந்திருக்கும். ஒலியை எழுத்தின் வடிவத்திலேயே காட்டிவிட்டால் மேற்கொண்டு விளக்குவதற்கு என்ன இருக்கிறது?

பங்க் இயக்கத்தின் ரசிகர் இதழ்களை நாங்கள் நடைபாதையில் பார்த்ததில்லை. பிற்பாடு நூல்களில் அவற்றின் பக்கங்களைப் பார்த்தோம். வங்கி எழுத்தராக இருந்த மார்க் பெர்ரி 1976இல் ஸ்னிஃபின் க்ளூ இதழைத் தட்டச்சு செய்து, தலைப்புகளைத் தடித்த பேனாவால் கையாலேயே எழுதி, நகலெடுத்து வெளியிட்டார். அடித்தல் திருத்தல்கள் அப்படியே இருந்தன. 1977 தொடக்கத்தில் சைட்பர்ன்ஸ் என்ற மற்றொரு ரசிகர் இதழில் ஒரு கைச்சித்திரம் வந்தது. கிட்டாரில் விரல் வைக்க வேண்டிய மூன்று சுரக்கூட்டுகளை வரைந்து காட்டி, இது போதும், போய்க் குழுவைத் தொடங்கு என்றது அது. (இச்சித்திரம் ஸ்னிஃபின் க்ளூவில் வந்ததாகவே பலரும் எழுதிவருகிறார்கள்.) அந்தப் பக்கங்களின் அலங்கோலம் கையாலாகாத்தனத்தால் மட்டும் நேர்ந்ததல்ல. 'இதை நீயும் செய்யலாம்' என்பதைப் பளபளப்பான காகிதத்தில் அச்சிட்டிருந்தால் அது பொய்யாகப் போயிருக்கும்.

எழுத்தையே வழிபடும் எங்களைப் போன்றவர்களுக்கு உண்மையான சோதனை இன்னும் இரண்டு இதழ்களிலிருந்து வந்தது. ஒன்று, என்எம்ஈயின் முன்னாள் ஆசிரியர் நிக் லோகன் 1980இல் தொடங்கிய தி ஃபேஸ். இசையும் உடையும் நகர வாழ்வும் கலந்த அவ்விதழை நெவில் பிராடி வடிவமைத்தார். உள்ளடக்கப் பக்கத்தின் மேலே 'உள்ளடக்கம்' என்ற பொருளில் வரும் ஆங்கிலச் சொல்லை, 1984இல், இதழுக்கு இதழ் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைத்துக்கொண்டே போனார். எழுத்துகள் உருகி, உடைந்து, கடைசியில் எவராலும் படிக்க முடியாத ஒரு கோலமாக மிஞ்சின. வாசகன் குழம்பவில்லை. அந்த இடத்தில் அந்தக் குறி இருந்தால் அது உள்ளடக்கப் பக்கம் என்று அவன் ஏற்கெனவே பழகியிருந்தான். தொடர்ந்து வாங்கியவனுக்கு மட்டுமே புரியும் பரிபாஷை அது. புதிதாக வந்தவன் வெளியே நிற்க வேண்டியதுதான்.

இரண்டாவது, ரே கன். கலிஃபோர்னியாவில் 1992இல் தொடங்கப்பட்டது. முதல் மூன்று ஆண்டுகள் அதன் கலை இயக்குநராக இருந்த டேவிட் கார்ஸன், சமூகவியல் ஆசிரியராகப் பணியாற்றியவர், அலைச்சறுக்கு வீரர். வடிவமைப்பின் விதிகளை முறையாகப் பயிலாததால் அவற்றை மீறும் அச்சமும் அவருக்கு இருக்கவில்லை. பத்திகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். வரிகள் மடிப்புக்குள் போய் மறையும். தலைப்பின் பாதி பக்கத்துக்கு வெளியே இருக்கும். பாடகர் பிரையன் ஃபெர்ரியுடனான நேர்காணல் ஒன்று 1994இல் அவரிடம் வந்தது. படித்துப் பார்த்து, சலிப்பூட்டுகிறது என்று தீர்மானித்து, நேர்காணல் முழுவதையும் எழுத்துகளே இல்லாத, வெறும் நட்சத்திரங்களும் அம்புக்குறிகளும் பூக்களும் கொண்ட ஸாப்ஃப் டிங்பாட்ஸ் என்ற குறியுருவில் கோத்துவிட்டார். பக்கம் முழுக்கக் குறிகள். ஒரு சொல்லைக்கூடப் படிக்க முடியாது. படிக்கத்தான் வேண்டும் என்பவர்களுக்காக அதே இதழின் பின்பகுதியில் சாதாரண எழுத்தில் அதைத் தந்திருந்தார்கள்.

அட்டை கிழிந்த ஒரு ரே கன் இதழை 2001இல் எங்களிடம் கொண்டுவந்து காட்டியவர் ஓவிய நண்பர். அந்தக் குறிகளின் கதையையும் அவர்தான் சொன்னார். நாங்கள் கொதித்துப்போனோம். யாரோ ஒருவர் அமர்ந்து, கேட்டு, எழுதிய நேர்காணலை அழிக்க வடிவமைப்பாளனுக்கு என்ன உரிமை? இது வன்முறை, எழுத்தாளனுக்கு இழைத்த துரோகம் என்றெல்லாம் பேசினோம். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் எழுத்தப் பாக்குறதே இல்லப்பா. ஜன்னல் கண்ணாடி மாதிரி, அது வழியா வெளிய பாக்குறீங்க. கண்ணாடில ஒரு விரிசல் விழுந்தாதான் கண்ணாடி இருக்குன்னே உங்களுக்குத் தெரியுது" என்றார். தேநீர்க்கடையில் பதில் சொல்ல முடியாமல் போன தருணங்களில் அது ஒன்று. ஆனாலும் விடவில்லை.

விடாததற்குக் காரணம் இருந்தது. அப்போது நாங்கள் மூவருமாக ஒரு சிற்றிதழ் கொண்டுவரும் முனைப்பில் இருந்தோம். கவிதைகள், மூன்று சிறுகதைகள், இசை பற்றிய ஒரு நீண்ட கட்டுரை. அட்டையும் உள்பக்கங்களும் அவர் பொறுப்பு. இரண்டு வாரம் கழித்து அவர் பட்டர் பேப்பரில் வரைந்த டம்மி ஒன்றைக் கொண்டுவந்து விரித்தார். இதழின் பெயரிலிருந்த 'ழ' மட்டும் அட்டை முழுவதையும் அடைத்துக்கொண்டு, அதன் சுழியும் வாலும் விளிம்பைத் தாண்டி வெளியே போயிருந்தன. மற்ற எழுத்துகள் எறும்பளவில் அதன் வளைவுக்குள் ஒளிந்திருந்தன. உள்ளே ஒரு கவிதை பக்கத்தின் அடியிலிருந்து மேல்நோக்கி ஏறியது. எங்கள் இசைக் கட்டுரையின் தலைப்பை அவர் கையால் எழுதி, ஒரு பகுதியைச் சுரண்டி அழித்திருந்தார்.

சிரித்தோம். சிரித்தது மட்டுமல்ல, 'இது சோப்பு விளம்பரம் அல்ல' என்று எங்களில் ஒருவர் சொன்னார். யார் சொன்னது என்பதில் இன்றுவரை எங்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை, ஆகவே இருவருமே சொன்னோம் என்று வைத்துக்கொள்ளலாம். எளிய அட்டை என்பது எங்கள் சிற்றிதழ் மரபில் ஓர் ஒழுக்கமாகவே இருந்துவந்தது. ஆரவாரமான அட்டை வெகுஜன இதழ்களுக்குரியது, நல்ல எழுத்து தன்னைத்தானே அறிவித்துக்கொள்ளும் என்று மனதார நம்பினோம். அந்த எளிமையும் ஒரு வடிவமைப்பு, தன் வாசகர் யார் என்பதை அதுவும் உரக்கச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது என்பது உறைக்கவில்லை. வென்னர் இரட்டைச் சட்டம் போட்டதற்கும் நாங்கள் வெள்ளை அட்டை கேட்டதற்கும் நோக்கத்தில் பெரிய வேறுபாடு இல்லை. அவருக்கு என்ன செய்கிறோம் என்று தெரிந்திருந்தது, அவ்வளவே.

நண்பர் டம்மியைச் சுருட்டவில்லை. அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனார். எங்கள் இதழ் 300 படிகள், வெள்ளை அட்டையில், உள்ளடக்கப் பட்டியலை முகப்பிலேயே அச்சிட்டு வந்தது. எண்பது போலப் போயிற்று. மிச்சம் கட்டாகப் பரணில் ஏறியது. இரண்டாவது இதழ் வரவில்லை. அவர் பெங்களூரில் ஒரு விளம்பர நிறுவனத்தில் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டோம். சோப்பு விளம்பரம் செய்தாரா என்று தெரியாது. கேட்கும் நிலையில் நாங்கள் இல்லை.

பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 2013 ஜூலையில், அவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ஒரு சொல்கூட இல்லை, இரண்டு படங்கள் மட்டும். அவ்வாண்டு ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வைத்த இளைஞன் ஜோகார் ஸார்னயேவின் முகம் இரண்டிலும் இருந்தது. அவன் தானே எடுத்துக்கொண்ட ஒரே புகைப்படம்தான் இரண்டும். ஒன்று மே மாதத்து நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கம், மற்றது ஆகஸ்ட் 1 தேதியிட்ட ரோலிங் ஸ்டோன் அட்டை. செய்தித்தாளில் வந்தபோது அது குற்றவாளியின் படம், அதைப் பற்றிப் பெரிய சலசலப்பு எழவில்லை. ரோலிங் ஸ்டோன் அட்டையில் வந்தபோதோ அமெரிக்கா கொதித்தது. பெரிய மருந்துக்கடைத் தொடர்கள் அந்த இதழை விற்க மறுத்தன. பாஸ்டன் மேயர் கண்டித்துக் கடிதம் எழுதினார். முகத்தருகே இருந்த தலைப்பு அவனை 'அரக்கன்' என்றே சொல்லிற்று. ஆனால் அதை யார் படித்தார்கள்? கலைந்த சுருள்முடி, மங்கிய ஒளி, நேராக நோக்கும் கண்கள், மேலே அந்தப் பழைய வளைந்த எழுத்துகளில் இதழின் பெயர். அந்தப் பெயரின் கீழே யாரை வைத்தாலும் அவன் பாடகன். நாற்பத்தைந்து ஆண்டுகளாக வாசகனின் கண்ணுக்கு அவர்கள் பழக்கிவைத்த இலக்கணம் அது. ஒருமுறை அவர்களே அதை மாற்றிப் பேச முயன்றபோது இலக்கணம் விட்டுக்கொடுக்கவில்லை.

அந்த மின்னஞ்சலை எப்படிப் புரிந்துகொள்வது என்று எங்களுக்குள் நீண்ட விவாதம் நடந்தது. 'பார், வடிவமைப்பு எத்தனை வலியது' என்கிறாரா? அல்லது, 'நீங்கள் அன்று அஞ்சியது சரிதான்' என்கிறாரா? கதவு என்று ஒன்றைச் செய்தால் அது சிலரை வெளியே நிறுத்தவும் செய்யும், உள்ளே வரக்கூடாத ஒன்றுக்கு மாலை போடவும் செய்யும். யாரை வெளியே நிறுத்தினார்கள் என்பதும் பிற்பாடு வெளிச்சத்துக்கு வந்தது. வென்னர் 2023இல் வெளியிட்ட நேர்காணல் நூலில் ஏழு இசைக்கலைஞர்கள், எழுவரும் வெள்ளை ஆண்கள். ஏன் அப்படி என்று கேட்டபோது பெண்களையும் கறுப்பினக் கலைஞர்களையும் தாழ்த்தி அவர் சொன்ன பதிலால், அவரே முன்னின்று உருவாக்கிய ராக் இசைப் புகழ்மண்டப அறக்கட்டளையின் ஆட்சிக்குழுவிலிருந்து நீக்கப்பட்டார். நடைபாதையில் எங்களுக்குக் கிடைத்த அட்டைகளை நினைவிலிருந்து எண்ணிப் பார்த்தோம். அவற்றிலும் கறுப்பு முகங்கள் குறைவுதான். அன்று அதை நாங்கள் கவனிக்கக்கூட இல்லை. 'இது நமக்கானது' என்று வேறு நினைத்திருந்தோம்.

மின்னஞ்சலுக்குப் பதில் எழுதவில்லை. என்ன எழுதுவது என்று தெரியாததே காரணம். பிறகு அந்த இதழ்களும் ஒவ்வொன்றாக உதிரத் தொடங்கின. என்எம்ஈயின் அச்சுப் பதிப்பு 2018 மார்ச்சில் நின்றது, க்யூ 2020இல். திரையில் ஒரு கட்டுரை எங்கிருந்து வந்தாலும் ஏறத்தாழ ஒரே எழுத்துருவில், ஒரே அகலத்தில் வந்து நிற்கிறது. படிக்க எளிதாகவே இருக்கிறது, குறை சொல்வதற்கில்லை. விளிம்பு துருத்திக்கொண்டு நிற்கும் இதழ் மட்டும் இல்லை.

சென்ற ஆண்டு வீடு மாற்றும்போது பரணிலிருந்த கட்டை இறக்கினோம். எங்கள் வெள்ளை அட்டைகள் ஒரே சீராகப் பழுத்திருந்தன. அவற்றுக்கடியில், ஒரு பழைய ரோலிங் ஸ்டோனின் மடிப்புக்குள், அந்த டம்மி இருந்தது. யார் எடுத்து வைத்தோம் என்பது நினைவில்லை. அவ்வளவு பெரிய இதழுக்குள் வைத்ததால்தான் மடங்காமல் தப்பியிருக்கிறது. பட்டர் பேப்பர் ஓரங்களில் மொறுமொறுத்திருந்தாலும் மை மங்கவில்லை. இருவரும் அதைத் தரையில் விரித்து வைத்துச் சற்று நேரம் பேசாமல் இருந்தோம். அந்த 'ழ' எங்களைவிட நன்றாக மூப்படைந்திருந்தது. கைப்பேசியில் படமெடுத்து, பழைய மின்னஞ்சலுக்குப் பதிலாக, சொல் எதுவும் சேர்க்காமல் அனுப்பினோம்.

ஒரு மணி நேரத்தில் பதில் வந்துவிட்டது.

"ழ இன்னும் கொஞ்சம் வெளிய போயிருக்கணும்."